நடக்காத சாதனைக்கு அச்சடித்த ஹூடி

ஏரி ரோட்டில் ஸ்வெட்டர் விற்கிறவளுக்கு அமெரிக்காக்காரன் ஆட்டத்தில் என்ன வேலை என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. வீட்டுக்காரர் கேட்டார், பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டார்கள், மதுரையில் கட்டிக்கொடுத்த மகள் போனில் கேட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது கொடைக்கானல் பஜாரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

திருப்பூரிலிருந்து வந்த ஒரு மூட்டையில் ஆரம்பித்தது. எங்கள் கடை என்பது ஏரி வளைகிற இடத்தில், ஒரு யூகலிப்டஸ் மரத்தை ஒட்டி, இரண்டு மேஜை, நாலு கம்பு, மேலே ஒரு நீலப் படுதா. ஸ்வெட்டர், குல்லா, கையுறை, மஃப்ளர் விற்கிறோம். சரக்கில் பாதி திருப்பூரில் ஏற்றுமதி போக மிஞ்சியது. அதை மூட்டையாகத்தான் கொடுப்பார்கள், பிரித்துப் பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அந்தத் தடவை பிரித்தால் முழுக்கக் கறுப்பு ஹூடிகள். நல்ல கனம், உள்ளே மெத்தென்ற துணி. நெஞ்சில் ஒரு தடியன் இன்னொருத்தனை இடுப்போடு பிடித்துக் கீழே இழுக்கிற படம். அதற்குக் கீழே ஆங்கிலத்தில், ஒரே சீசனில் அதிக சாக் எடுத்த புதிய சாதனை என்று தங்க நிறத்தில் பெரிய எழுத்து.

"இது என்ன, குஸ்தியா?" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் தொங்கவிட்டோம்.

அதைப் பார்த்து முதலில் சிரித்தவள் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருக்கிற பெண். எங்களிடம் குல்லா வாங்குகிறவள். கல்லூரியில் இந்த அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தை ஆடியிருக்கிறாளாம். ஹூடியை விரித்துப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்று சிரித்தாள்.

"அக்கா, இதை எங்க புடிச்சீங்க? இந்த ரெக்கார்ட் நடக்கவே இல்லக்கா."

"அச்சடிச்சுத் தொங்குது, நடக்கலைங்கிறீங்க?"

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். அந்த ஆட்டத்தில் ஓர் அணியில் ஒருவன் கையில் பந்து இருக்கும். அவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அவன் அதைத் தன் ஆளுக்கு எறிய வேண்டும். எறிவதற்குள் எதிரணிக்காரன் காவலை உடைத்துக்கொண்டு வந்து அவனை ஆட்டம் தொடங்குகிற கோட்டுக்குப் பின்னாலேயே தரையில் சாய்த்துவிட்டால் அது ஒரு சாக். ஒரு சீசனில் யார் அதிகம் சாய்க்கிறான் என்று எண்ணுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை என்று எழுதுவார்கள். அந்த ஹூடித் தடியன் கடைசி ஆட்டம்வரை சாதனைக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். எப்படியும் உடைத்துவிடுவான் என்று கம்பெனிக்காரர்கள் முன்கூட்டியே அச்சடித்து வைத்துவிட்டார்கள். அவன் அரை சாக்கில் விட்டுவிட்டான்.

"இந்த மாதிரி தப்பா அடிச்ச சரக்கை அவங்க ஊர்ல விக்கவே மாட்டாங்கக்கா. அழிச்சிருவாங்க, இல்லேன்னா ஏதாவது ஏழை நாட்டுப் பக்கம் தள்ளி விட்டுருவாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. டீச்சரிடம் கோபித்து என்ன பிரயோசனம், அவள் அச்சடிக்கவில்லை. ஆனால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்வரிசைக்குத் தள்ளுகிற ஆள் நான் இல்லை. மறுநாளிலிருந்து டூரிஸ்ட்டுகளிடம் நானே சொல்லி விற்றேன். "இது நடக்காத சாதனைங்க. அரையில விட்டுட்டான். குளிருக்கு அரையெல்லாம் கெடையாது, முழுசாத் தாங்கும்." பெங்களூர்ப் பையன்கள் இந்தக் கதைக்காகவே வாங்கினார்கள். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் மடித்துக் கொடுத்தார்.

அப்படித்தான் எனக்கு அந்த ஆட்டம் பிடித்துப்போனது. டீச்சர் போனுக்கு வீடியோ அனுப்புவாள். காலையில் பனி இறங்கி ரோட்டில் ஆள் இல்லாத நேரத்தில் மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் பார்ப்போம். அவர் எப்போதும் சாய்க்கிறவன் கட்சி. நான் விழுகிறவன் கட்சி. ஐந்து மலைமாடு மாதிரி ஆட்கள் மேலே வந்து விழுவார்கள், அவன் அடியில் கிடப்பான், அப்புறம் புல்லைத் தட்டிவிட்டு எழுந்து மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்பான். எனக்கு அந்த எழுந்து நிற்கிறதுதான் பிடிக்கும்.

இங்கே எங்கள் பக்கத்துக் கடைக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூம்பாறையிலிருந்து முதல் பஸ்ஸில் மலைப்பூண்டுக் கூடைகளோடு வருவாள். என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்பாள். சத்தமாகப் பேச மாட்டாள். எங்களுக்கு வெள்ளிக்கிழமை மதியம் கடை கிடையாது. வீட்டுக்காரர் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார், நான் வீட்டுக்குப் போய்ச் சோறாக்கி எடுத்து வருவேன். அந்த நேரம் படுதாவை இறக்கி மூடிவிட்டால் அவள் பார்த்துக்கொள்வாள். ஏரி ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. மூடிக் கிடக்கிற கடையைக் காட்டி யார் கேட்டாலும் பக்கத்துக் கடைக்காரர் "என்னோடதுதான்" என்று சொல்லிவிட வேண்டும். ஆளில்லாத கடை என்று தெரிந்தால் நகராட்சி லாரியில் ஏற்றிவிடுவார்கள். அவள் ஊர்த் தேருக்குப் போன நாட்களில் அவள் பூண்டுக்கு நான் சொந்தக்காரியாக இருந்திருக்கிறேன். உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை. எல்லோரும் செய்வது.

சாலையோரக் கடைகளைக் கணக்கெடுத்து, கணக்கில் வந்தவர்களுக்கு மட்டும் அட்டை கொடுத்து, புதிதாகக் கட்டுகிற வரிசையில் இடம் தரப்போகிறார்கள் என்று ரொம்ப நாளாகப் பேச்சு இருந்தது. வந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் வந்தார்கள். கையில் எழுதுகிற பேடு வைத்துக்கொண்டு வந்த ஆட்களைப் பார்த்ததும் பூண்டுக்காரிக்கு லாரி ஞாபகம் வந்துவிட்டது. இந்த மூடின கடை யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள். யோசிக்காமல் "என்னோடதுங்க, ரெண்டும் என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டாள். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் சோற்றுத் தூக்கோடு வந்தபோது சொன்னாள். "யாரோ வந்தாங்கக்கா. நான் சொல்லி அனுப்பிச்சிட்டேன்."

"நல்ல காரியம் பண்ணுன" என்று சொல்லி அவளுக்கு ஒரு துண்டு கறி எடுத்து வைத்தேன்.

பட்டியல் ஒட்டியபோது அவள் பெயருக்கு இரண்டு கடை இடம். என் பெயரும் இல்லை, வீட்டுக்காரர் பெயரும் இல்லை. சுவரில் இருந்த எல்லாப் பெயரையும் மேலிருந்து கீழே படித்தேன். நாங்கள் கல்யாணமான வருஷத்திலிருந்து அந்த மரத்தடியில் இருக்கிறோம். என் மகள் அந்த மேஜைக்கு அடியில் தூங்கி வளர்ந்தவள். நேற்றுச் சோளம் சுட வந்தவன் பெயரெல்லாம் இருந்தது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, அழுகையில் இல்லை, ஆத்திரத்தில்.

நகராட்சி அலுவலகத்தில் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார்.

"ஆளும் கடையும் சேந்து இருந்தாத்தாம்மா கணக்கு. அன்னைக்கு நீங்க இல்ல. அந்த அம்மாவே ரெண்டும் தன்னோடதுன்னு சொல்லியிருக்காங்க."

"இத்தன வருஷமா இருக்கமே சார், அது?"

"அதுக்கு முன்னாடி யாரும் எண்ணலையேம்மா. எண்ண ஆரம்பிச்ச நாள்லருந்துதான் கணக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அவங்க பொய் சொன்னாங்கன்னு நீங்க எழுதிக் குடுத்தா விசாரிக்கலாம். ஆனா தப்பான தகவல்னு ஆச்சுன்னா அவங்க அட்டையும் ரத்தாயிரும்."

நான் எழுதிக் கொடுக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். பூண்டுக்காரியின் புருஷனுக்கு இடுப்பு விழுந்து கிடக்கிறது. அவள் கூடை இறங்கினால்தான் அந்த வீட்டில் அடுப்பு. அது எனக்குத் தெரியும், அவள் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள் என்பதும் தெரியும். அது தெரிந்ததால் கோபம் குறையவில்லை. யார் மேல் பாய்வது என்று தெரியாமல் எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் அன்றைக்கே வந்து என் முன்னால் நின்றாள். "அக்கா, ரெண்டு எடம் வருதுல்ல. ஒண்ணுல நீங்க இருந்துக்கங்க. நான் என்ன கேக்கவா போறேன்."

"உம் பேருக்குக் கீழ நான் உக்கார மாட்டேன்" என்றேன். சொன்ன விதம் கொஞ்சம் கடுமைதான். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போன பிறகு, "கெடைக்கிறத வாங்கிக்கிட்டா என்ன? கடை கடைதானே" என்றார். "உங்களுக்குக் கடை போதும். எனக்கு என் கடை வேணும்" என்றேன்.

டீச்சரிடம் இதையெல்லாம் கொட்டித் தீர்த்தபோதுதான் அவள் அந்தச் சாக் கணக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னாள். ரொம்ப காலம் அதை யாரும் முறையாக எண்ணவே இல்லையாம். ஆட்டம் நடந்தது, ஆட்கள் சாய்ந்தார்கள், ஆனால் சாய்த்தவன் பெயரில் ஒன்றும் ஏறவில்லை. பிற்பாடு ஒரு வருஷத்திலிருந்து எண்ணத் தொடங்கி, சாதனை என்றால் அதிலிருந்துதான் என்று வைத்துக்கொண்டார்கள். வேலை மெனக்கெட்டுச் சிலர் பழைய படச் சுருள்களை உட்கார்ந்து பார்த்து, அந்தக் காலத்து ஆட்களுக்கும் எண்ணிப் போட்டிருக்கிறார்கள். இன்றைக்குச் சாதனை வைத்திருக்கிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆட்கள் அதில் இருக்கிறார்களாம். அது தெரிந்த பிறகும் சாதனை என்று பேசினால் எண்ண ஆரம்பித்த பிறகு உள்ளதைத்தான் சொல்கிறார்கள்.

"அப்ப அவன் சாய்ச்சது சாய்ச்சது இல்லையா?" என்றேன்.

"சாய்ச்சதுதாங்கக்கா. கணக்குலதான் இல்ல."

"அந்த ஆபீஸ் சாருக்கு அமெரிக்காவுல சொந்தக்காரங்க இருப்பாங்க போல."

அவள் சிரித்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். சாய்க்கிறவனுக்கு மட்டும் இல்லை, சாய்ந்தவனுக்கும் கணக்கு உண்டாம். வாழ்நாளில் அதிகம் சாய்க்கப்பட்ட குவார்ட்டர்பேக் யார் என்று ஒரு வரிசை. கேலிக்காக வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லையாம். அந்த வரிசையில் மேலே இருக்கிறவர்கள் பெரும்பாலும் பெரிய ஆட்டக்காரர்கள். சரியாக ஆடத் தெரியாதவனை இரண்டு சீசனில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அவனுக்கு அத்தனை தடவை விழ நேரம் எங்கே? வருஷக் கணக்கில் அங்கேயே நின்றவனைத்தான் அத்தனை தடவை சாய்க்க முடியும்.

அன்றைக்குத்தான் எனக்கு மனசு ஒரு நிலைக்கு வந்தது. மறுநாள் வெள்ளனே போய் மரத்தடியில் மேஜையைப் போட்டேன்.

லாரி வந்தது. அட்டை எங்கே என்றார்கள். இல்லை என்றேன். சரக்கை மட்டும் அள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டு மேஜையையும் கம்பையும் படுதாவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். எடுத்ததற்குச் சீட்டு கேட்டேன். பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்குச் சீட்டு இல்லை என்றார்கள். வீட்டுக்காரர் எங்கேயோ பேசிப் பழைய மேஜை ஒன்று கொண்டுவந்தார், என்னைத் திட்டிக்கொண்டேதான் கொண்டுவந்தார். மறுபடியும் போட்டேன். மறுபடியும் வந்தார்கள். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் குல்லாவெல்லாம் நனைந்து ரோட்டில் கிடக்க, நான் ஒவ்வொன்றாகப் பிழிந்து எடுத்து மரத்தில் தொங்கவிட்டேன். ஒரு டூரிஸ்ட் அம்மா நனைந்த குல்லாவையே விலை கேட்டார். விற்றேன்.

ஏரி ரோட்டில் அதிகமாகத் தூக்கப்பட்ட கடை எங்களுடையதுதான். இதில் எனக்குப் போட்டியே கிடையாது. மற்றவர்கள் ஒரு தடவை தூக்கினால் வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். நான் கறுப்பு ஹூடியைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும், சேலைக்கு மேல் நெஞ்சில் அந்தத் தடியன்.

பக்கத்தில் பூண்டுக்காரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்தாள். லாரி வருகிறபோதெல்லாம் அவள் தன் அட்டையைக் காட்டுவாள், அவளை விட்டுவிடுவார்கள். காட்டும்போது என் பக்கம் திரும்ப மாட்டாள். ஒரு நாள் கூடைகளை மூடிவிட்டு என்னிடம் வந்தாள்.

"வாங்கக்கா, அந்த ஆபீசுக்குப் போவோம். எனக்குத் தொண்டைக்குழில சோறு எறங்கல."

"போயி?"

"நாஞ்சொன்னத நானே மாத்திச் சொல்றேன்."

"உன் அட்டை போயிரும்."

"போகட்டும். வெரசா வாங்க, நாலு மணி பஸ்ஸப் புடிக்கணும்."

தடுக்கத்தான் நினைத்தேன். அவள் முன்னால் நடந்துவிட்டாள். அதிகாரி முன்னால் நின்று, சத்தமாகப் பேசத் தெரியாத அந்தப் பெண், கோர்வையாகச் சொன்னாள். அந்த மூடின கடை இந்த அக்காவுடையது, லாரி என்று பயந்து நான் மாற்றிச் சொன்னேன், எழுதினதில் பாதியை அவர்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பாதின்னு எழுத இதுல வழியே இல்லம்மா. இருந்தா முழுசா உங்க பேருல இருக்கும், இல்லேன்னா முழுசா ரத்து."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், அமெரிக்காவுல ஒரு ஆட்டம் இருக்கு. ரெண்டு பேரு சேந்து ஒருத்தன சாய்ச்சா ஆளுக்கு அரைன்னு எழுதுறாங்க. அத்தன பெரிய ஊர்ல அரைன்னு எழுத எடம் இருக்கு."

அவர் என் ஹூடியைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அது ஆட்டம்மா."

"ஆட்டத்துக்கே இவ்வளவு நேர்மையா எழுதுறாங்கங்கிறேன்."

பூண்டுக்காரி இடுப்பிலிருந்து அட்டையை எடுத்து அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். "அப்ப முழுசா ரத்து பண்ணிக்கங்க சார். இல்ல, ஆளுக்குப் பாதி எழுத வழி வந்தாச் சொல்லி விடுங்க, வந்து வாங்கிக்கிறோம்" என்றாள். அவசரப்படாதீர்கள், எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவர் பின்னால் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. படி இறங்கும்போது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளை நாலு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஏறின பிறகு ஜன்னல் வழியாக, "அக்கா, அந்தக் கறுப்புச் சட்ட ஒண்ணு எனக்கும் வேணும்" என்றாள்.

அதிலிருந்து இரண்டு பேருமே அட்டை இல்லாதவர்கள். பூண்டும் ஸ்வெட்டரும் ஒரே படுதாவுக்கு அடியில் உட்கார்ந்தன. லாரி வந்தால் இரண்டு கடையையும் சேர்த்துத் தூக்கினார்கள். குல்லாவில் எல்லாம் பூண்டு வாடை. வீட்டுக்காரர் ஒரு நாள் காலையில் வீடியோ பார்க்கும்போது, விழுந்தவன் எழுந்ததும் தன்னை அறியாமல் "அப்படிப் போடு" என்றார். நான் பார்த்ததும் போனைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை. வழக்கம்போல என் பக்கம் மட்டும் படுதாவை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். தூக்கில் சோற்றோடு வளைவு திரும்பினால் லாரி நிற்கிறது. இந்தத் தடவை புது ஆள், கையில் பேடு. பொருள் தொலைகிறது என்று வரிசைக்காரர்கள் எல்லாம் சண்டை போட்டதில், பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் அள்ளுகிற சரக்குக்கெல்லாம் இனிமேல் சீட்டு எழுதித் தர வேண்டும் என்று ஆகியிருந்தது. அவன் மூடின பக்கத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, இது ஆளில்லாத கடையா, ஒங்களோடதா?"

என்னுடையது என்று அவள் சொன்னால் சரக்கை அவளே அள்ளிக்கொள்ளலாம், தப்பிக்கும். ஆளில்லாதது என்றால் மொத்தமும் லாரிக்குப் போகும். எனக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது. பழக்கம் நாக்கிலேயே இருக்கும் என்று எனக்குத் தெரியும். கறுப்பு ஹூடியின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அவள் எழுந்து நின்றாள்.

"என்னோடது இல்லங்க. ஸ்வெட்டர்க்கார அக்காவோடது. சோறு எடுக்கப் போயிருக்காங்க. பேரச் சொல்றேன், எழுதிக்கங்க."

என் பெயரைச் சொன்னாள். என்னைப் பெற்ற அத்தா பெயரையும் சேர்த்து முழுசாகச் சொன்னாள். அத்தனை வருஷத்தில் அவள் என் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் எழுதினான். இடம் என்ன போடுவது என்று கேட்டான். "ஏரி வளைவு, மரத்தடி. ரொம்ப வருஷமா இருக்குன்னும் போடுங்க" என்றாள். அதையும் போட்டான்.

சரக்கை ஏற்றினார்கள். நான் வந்துவிட்டேன் என்று சொல்லி அள்ளியிருக்கலாம், எனக்கு அந்தச் சீட்டுதான் வேண்டியிருந்தது. கிட்டே போய்ச் சீட்டைக் கையில் வாங்கிப் படித்தேன். கார்பன் நகலில் நீல எழுத்தில், என் பெயர், என் கடை, என் இடம். எண்ண வந்தவர்கள் எழுதாததைத் தூக்க வந்தவன் எழுதிக் கொடுத்திருந்தான். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஏறப்போனவன் என்னைப் பார்த்து, "நாளைக்கும் போடுவீங்களாம்மா?" என்றான்.

"வெள்ளனே போட்டுருவேன். நீங்களே வாங்க தம்பி, எழுத்து நல்லாத் தெளிவா இருக்கு" என்றேன்.